பாலாற்றங்கரையில் பட்டப்படிப்பு

டேனரித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு திறக்கிறது. உள்ளே போகிற பிள்ளை என்ன படிக்க வேண்டும்?

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும், ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயர் காதில் விழும்.

அது சென்னை அல்ல. மதுரையும் அல்ல. வேலூர்!

"வேலூர் வழக்கு" என்றால் வக்கீலுக்குப் படிக்கிற மாணவர்களுக்கு உடனே தெரியும். பரீட்சையில் கேட்கிற வழக்கு அது. காஷ்மீரில் படிக்கிற மாணவனும், அசாமில் படிக்கிற மாணவியும் பாலாறு எப்படிக் கெட்டது என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள்.

சரி. ஆம்பூரில் டேனரியில் வேலை செய்கிறாரே ஒரு தொழிலாளி, அவருடைய பிள்ளை அதைப் படிக்கிறதா? முதலில் அந்தப் பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்கிறதா? மிதித்தால் அங்கே அதற்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கு முன்னால், தோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சைத் தோலும் உப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இவை தோல் ஊர்கள். ஒரு காலத்தில் எல்லாம் ஒரே மாவட்டம். 2019-ம் ஆண்டு வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று 3 மாவட்டங்களாகப் பிரிந்தன.

ஆட்டின் தோலையும் மாட்டின் தோலையும் உரித்து அப்படியே வைத்தால் சீக்கிரமே அழுகிவிடும். ஆகவே உப்பைத் தடவி வைப்பார்கள். ஊறுகாய்க்கு உப்புப் போடுவது போலத்தான்!

டேனரிக்கு வந்ததும் அந்த உப்புப் போக ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்பும் சல்பைடு என்னும் ரசாயனமும் போட்டு முடியை நீக்க வேண்டும். உள்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் சீவ வேண்டும். அதன் பிறகுதான் பதனிடுவது.

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். அப்படிப் பதனிட்ட தோலுக்கு 'ஈ.ஐ. லெதர்' என்று பெயர். சீமையில் அதற்கு நல்ல கிராக்கி. அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். அந்த முறை பிறகு மெல்ல மெல்லப் பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது! குரோமில் பதனிட்ட ஈரத் தோல் நீல நிறமாக இருக்கும். அதனால் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். ஆம்பூர்ப் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் இந்தச் சொல் தெரியும்.

இவ்வளவுக்கும் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது.

ஊறவைத்த தண்ணீர், கழுவிய தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், குரோம் தண்ணீர். அத்தனையும் எங்கே போயிற்று?

வாய்க்காலுக்குப் போயிற்று. ஏரிக்குப் போயிற்று. பாலாற்றுக்குப் போயிற்று.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திராவைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளம். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில்தான். வருடத்தில் பெரும் பகுதி வெறும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் ஊற்று உண்டு. கரையோரக் கிணறுகளுக்கு அந்த ஊற்றுத்தான் தாய்.

அந்த ஊற்றில் உப்புக் கலந்தது. குப்பை என்றால் அள்ளி எறியலாம். தண்ணீரில் கரைந்த உப்பை எப்படி அள்ளுவது? இனிப்பாக இருந்த கிணறுகள் கரித்தன. உழுகிறவன் கை ஓய்ந்தது.

கோர்ட்டு என்ன சொன்னது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கை நடத்தியவர் எம்.சி.மேத்தா என்ற வக்கீல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு முறை வரும்.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பைச் சொன்னார். தோல் பகுதியில் 35 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம், பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று ஓர் ஆய்வில் தெரிந்தது. அது தீர்ப்பிலும் இடம் பெற்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத டேனரி நடக்கக் கூடாது என்றும் உத்தரவு.

அபராதம் பெரிய தொகை அல்ல. தீர்ப்பில் இருந்த மூன்று கருத்துகள்தான் பெரிது.

கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. ஆபத்து வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே, முன்கூட்டியே தடுத்துவிடு என்பது இன்னொன்று. மூன்றாவது, 'நிலைத்த வளர்ச்சி'.

படித்தவர்கள் இந்தச் சொல்லுக்கு நீண்ட விளக்கம் சொல்வார்கள். விவசாயிக்கு அது தேவையில்லை. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடக் கூடாது என்று அவன் வீட்டில் சொல்வார்களே, அதுதான் இது! தொழில் நடக்கட்டும். வேலை கிடைக்கட்டும். அன்னியச் செலாவணி வரட்டும். ஆனால் நாளைக்குப் பிறக்கிற குழந்தையின் தண்ணீரை இன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது.

நஷ்ட ஈட்டைக் கணக்குப் பார்க்கத் தனி அமைப்பு ஒன்றும் ஏற்பட்டது. 547 தொழிற்சாலைகளால் 29 ஆயிரத்து 193 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும், அவர்களுக்கு ரூ.26 கோடியே 82 லட்சம் தர வேண்டும் என்றும் அது முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக 10 ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை.

அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடியும் டெல்லிக்குப் போனது. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, "பாக்கி இருப்பவர்களுக்கு 6 வாரத்துக்குள் கொடுங்கள், ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி போடுங்கள்" என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

முதல் தீர்ப்பு வந்த அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது முடிந்துவிட்டது.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது?

தீர்ப்புக்கு முன்னும் பின்னுமாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆம்பூர்டெக், வாணிடெக், ரானிடெக் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். பல டேனரிகள் சேர்ந்து ஒரே நிலையத்துக்குக் கழிவுநீரை அனுப்புகின்றன.

கட்டடம் கட்டிவிட்டால் போதுமா? அதை நடத்துவது லேசான வேலை இல்லை.

அழுக்கைத் தின்னும் நுண்கிருமிகளைத் தொட்டியில் வளர்க்க வேண்டும். ஒரு நாள் ரசாயனம் அதிகமாகிவிட்டால் அந்தக் கிருமிகள் செத்துவிடும். அப்புறம் தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்க வேண்டும். பிரித்த உப்பு மலைபோல் குவியும். அதை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

ராணிப்பேட்டையில் 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டி உடைந்தது. இரவு நேரம். பக்கத்து டேனரியில் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சேறு உள்ளே புகுந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

இன்னொரு ஆபத்து சத்தம் இல்லாமல் வருவது. சல்பைடு கலந்த கழிவு மூடிய தொட்டியில் கிடந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் நாற்றமே தெரியாது! மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது" என்று இறங்குகிறவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான்.

இது பிளஸ் 2 வேதியியல் படித்தவனுக்குப் புரிகிற விஷயம்தான். ஆனால் தொட்டியில் இறங்குகிறவன் பிளஸ் 2 படித்திருப்பதில்லை. படித்தவன் இறங்குவதில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இந்த ஊர்களில் கல்லூரிகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

தோல் பணத்தில் எழுந்த கல்லூரிகள்

படிப்புக்கும் தோலுக்கும் இங்கே பழைய உறவு உண்டு.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ம் ஆண்டு தொடங்கியது. கிழக்கே சென்னைக்கும் மேற்கே பெங்களூருக்கும் போய்ப் படிக்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசலில் வந்த கல்லூரி. மேல்விஷாரத்தில் 1965-ம் ஆண்டு ஒரு கல்லூரி வந்தது. அதற்கு சி.அப்துல் ஹக்கீம் பெயரை வைத்தார்கள். அவர் தோல் வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்து, அதை வாரி வழங்கிய வள்ளல். ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-ம் ஆண்டு வந்தது.

தோல் விற்ற காசில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டியவர்களை இந்தப் பகுதி மறக்காது. மறக்கவும் கூடாது.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் வியாபாரியின் பிள்ளை கல்லூரிக்குப் போனான். தோலைச் சுமந்தவன் பிள்ளை தோலைச் சுமக்கவே போனான். தோலைத் தொடுகிறவனைத் தள்ளி நிற்கச் சொன்ன சமூகம், அவன் பிள்ளையைக் கல்லூரிப் பெஞ்சில் உட்காரவைக்க அவசரப்படவில்லை.

2002-ம் ஆண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. அதுவரை இந்தப் பகுதிக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. மார்க் பட்டியலில் ஒரு பிழை என்றாலும் சென்னைக்கு ரெயில் ஏற வேண்டியிருந்தது.

"மூன்று பேர்கூட வரமாட்டார்கள்!"

கதவைத் திறந்தால் யாராவது வருவார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அதற்கும் வேலூரிலேயே ஒரு கதை இருக்கிறது.

டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ம் ஆண்டு வேலூரில் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். "இந்தியப் பெண்களாவது, டாக்டருக்குப் படிப்பதாவது! 3 விண்ணப்பம் வந்தால் உன் அதிர்ஷ்டம்" என்கிற மாதிரிதான் சிலர் பேசினார்கள்.

முதல் வருடம் வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? 151! இடம் இல்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. ஆண்களைச் சேர்த்துக்கொண்டதே 1947-ம் ஆண்டில்தான்.

காட்பாடியில் 1984-ம் ஆண்டு ஜி.விசுவநாதன் தொடங்கிய என்ஜினீயரிங் கல்லூரி, 2001-ம் ஆண்டு பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. வி.ஐ.டி. என்று சொன்னால் நாடு முழுவதும் தெரியும். அங்கே 2008-ம் ஆண்டு 'ஸ்டார்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து முதலிடம் வந்தவர்கள். அவர்களுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம்.

நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு 2 பேர் என்பது கதவைத் திறப்பது ஆகாது. கதவு இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான். 2012-ம் ஆண்டு வேலூரில் 'அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை' தொடங்கி, ஏழை மாணவ-மாணவிகள் கல்லூரிக் கட்டணம் கட்ட உதவி செய்துவருகிறார்கள். இது இன்னும் கொஞ்சம் அகலமான வழி.

அகலமான வழிகளை அரசாங்கம் போட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்கு 2010-ம் ஆண்டு முதல் கட்டணச் சலுகை. 2021-ம் ஆண்டு முதல், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 100-க்கு 7.5 இடம் தனியாக ஒதுக்கீடு. அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கப் பொறுப்பு.

தமிழ்நாட்டில் 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களுக்கு எத்தனை பேர் கல்லூரியில் என்று மத்திய அரசு கணக்கு எடுக்கிறது. 2021-22-ம் ஆண்டுக் கணக்குப்படி 100-க்கு 47. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 28-தான். பெருமைப்படலாம். ஆனால் மீதி 53 பேர் யார்? அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?

ஷூ கம்பெனி பஸ்சும் கல்லூரி பஸ்சும்

ஆம்பூரைச் சுற்றி உள்ள கிராமங்களில் காலையில் நின்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஷூ கம்பெனி பஸ்கள் வரும். பெண்கள் சாப்பாட்டுப் பையுடன் ஏறுவார்கள். பாதத்தின் மேல்பகுதி தைப்பது, ஒட்டுவது, நூல் வெட்டுவது எல்லாம் இவர்கள் கையில்தான். இவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவில் விற்கிறது.

இந்த வேலையைக் குறைத்துப் பேசுவது நியாயம் அல்ல. அண்ணன் தம்பி படிப்பு, அக்காள் கல்யாணம், அப்பா வாங்கிய கடன் என்று எத்தனையோ வீடுகளை அந்தச் சம்பளம் தாங்குகிறது. கையில் சொந்தக் காசு வந்ததால் தலை நிமிர்ந்த பெண்களும் ஏராளம்.

பிளஸ் 2 முடித்த பெண்ணுக்கு முன்னால் இந்த பஸ்சும் நிற்கிறது, கல்லூரி பஸ்சும் நிற்கிறது. ஒன்றில் ஏறினால் மாதம் பிறந்ததும் சம்பளம். இன்னொன்றில் ஏறினால் 3 வருடம் செலவு.

இந்தத் தராசில் ஒரு சின்னப் படிக்கல்லை அரசாங்கம் வைத்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி 'புதுமைப் பெண்' திட்டம் வந்தது. 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழி செய்தது. ஆண் பிள்ளைகளுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்தது.

ஆயிரம் ரூபாய், கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் பஸ் செலவும் நோட்டுப் புத்தகமும் அப்பாவிடம் கேட்காமல் நடக்கும். "கேட்காமல்" என்பதுதான் இதில் முக்கியம்.

கல்லூரிகள் செய்யக்கூடியதும் உண்டு. ஏற்கனவே பஸ் ஏறிப் போய்விட்ட பெண் இருக்கிறாளே, அவளுக்கு என்ன வழி? மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு நடத்தலாம். கம்பெனி இருக்கும் இடத்துக்கே ஆசிரியர் போகலாம். பரீட்சை நாட்களில் லீவு கொடுக்கும்படி முதலாளிகளுடன் பேசிவைக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் தொழிலாளர் நலம் பற்றி அடிக்கடி விசாரிக்கின்ற காலம் இது. முதலாளிகள் மறுக்க மாட்டார்கள்.

மொழியும் ஒரு தடை. அரசுப் பள்ளியில் தமிழிலோ உருதுவிலோ படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். அப்பா வீட்டில் "சுண்ணாம்புக் குழி" என்கிறார். புத்தகம் "லைமிங்" என்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று முதல் வாரத்தில் யாராவது சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை வகுப்பில் எல்லோரையும்விட முன்னால் நிற்கும். சொல்லாவிட்டால் கடைசிப் பெஞ்சு!

தோலுக்கு ஒரு விஞ்ஞானி

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் நாயுடம்மா.

ஆந்திராவில் குண்டூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் 1922-ம் ஆண்டு பிறந்தவர். காசிக்குப் போய் ரசாயனத் தொழில்நுட்பம் படித்தார். அமெரிக்காவுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். எந்த வேலைக்கும் போயிருக்கலாம். தோலைத் தேர்ந்தெடுத்தார்! தோல் என்றால் முகத்தைச் சுளித்த காலம் அது.

சென்னை அடையாறில் 1948-ம் ஆண்டு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1958-ம் ஆண்டு அதற்கு நாயுடம்மா டைரக்டர் ஆனார். 1971-ம் ஆண்டு வரை இருந்தார். ஆராய்ச்சி நிலையம் என்றால் கண்ணாடிக் குழாய்களோடு நின்றுவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. டேனரிக்காரர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைத்தார். 1985-ம் ஆண்டு ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே குண்டு வெடித்து விழுந்ததே, அதில் பயணம் செய்த அவரும் மாண்டார்.

கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்துக்கு என்ஜினீயரிங் பட்டப்படிப்பு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி அது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்தப் படிப்பில் பங்கு கொள்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரிய 7.5 சதவீத ஒதுக்கீடு இந்தக் கல்லூரிக்கும் உண்டு. அதாவது, ஆம்பூர் அரசுப் பள்ளியில் படித்த டேனரித் தொழிலாளியின் மகள், ஒரு பைசா கட்டணம் இல்லாமல் தோல் என்ஜினீயர் ஆக முடியும்! இது அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிளஸ் 2 ரிசல்ட் வருகிற மாதத்தில் கல்லூரிக்காரர்கள் தெருத் தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி இது.

அப்படிப் படித்து வருகிறவர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

ஓர் உதாரணம். டிரம்மில் குரோமைப் போட்டுத் தோலைச் சுற்றவிட்டால், 100 பங்கில் 60, 70 பங்கைத்தான் தோல் குடிக்கும். மீதி தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரில் மக்னீசியம் ஆக்சைடு என்ற தூளைப் போட்டால் குரோம் அடியில் படிந்துவிடும். படிந்ததை எடுத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். காசும் மிச்சம், ஆறும் மிச்சம். ஒரு பி.எஸ்சி. பட்டதாரி பொறுப்பாகச் செய்யக்கூடிய வேலை. குரோம் பதனிடும்போது தண்ணீரே சேர்க்காத முறையையும் அடையாறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பச்சைத் தோலை ஊறவைப்பதற்கு முன்னால் நன்றாக உதறினாலே ஏராளமான உப்பு தண்ணீருக்குப் போகாமல் தப்பிவிடும். உதறுவதற்கு விஞ்ஞானிகூட வேண்டாம். அதை ஏன் செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு மேஸ்திரி போதும்.

பாடத்தில் வந்த ஆறு

வக்கீல் எம்.சி.மேத்தாவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி முன்னால் சொன்னோம்.

வேலூர் வழக்கை நடத்திய அதே மேத்தா இன்னொரு வழக்கும் போட்டிருந்தார். "சுற்றுச்சூழலைப் பற்றிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடம் நடத்த வேண்டும்" என்று கேட்ட வழக்கு அது. 1991-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி அவருக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. மெதுவாகத்தான் நடந்தது. 2004-05-ம் ஆண்டு முதல், பி.ஏ. படித்தாலும் பி.காம். படித்தாலும் சுற்றுச்சூழல் பாடத்தையும் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பாடு செய்தது.

பல கல்லூரிகளில் மாணவர்கள் அதைக் கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, மறந்துபோனார்கள். அமேசான் காட்டைப் பற்றி எழுதியவனுக்கு அடுத்த தெருக் கிணறு ஏன் கரிக்கிறது என்று தெரியவில்லை.

தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்ட, பேனா அளவில் ஒரு கருவி இருக்கிறது. விலை அதிகம் இல்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல குடிநீர். வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது இந்திய தர நிர்ணயக் கணக்கு.

3 மாவட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றி உள்ள கிணறுகளை மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதிவைத்தால்? எந்தக் கிணறு தேறுகிறது, எது மேலும் கெடுகிறது என்று பத்து வருடக் கணக்கு கையில் இருக்கும். கமிட்டி கேட்டால் கொடுக்கலாம். கோர்ட்டு கேட்டாலும் கொடுக்கலாம். "என் கிணறு கெட்டுவிட்டது" என்று ஒரு விவசாயி மனு எழுதும்போது, அவருடைய மகளே அளந்த எண் அதில் இருக்கும்.

மானியக் குழு 2004-ம் ஆண்டு கொடுத்த பாடத்திட்டம் மொத்தம் 50 வகுப்புகள். அதன் கடைசிப் பகுதியில், மாணவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆறு, காடு, மலை ஒன்றை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று இருந்தது. மாசுபட்ட இடம் ஒன்றையும் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

அதற்கு ஒதுக்கிய நேரம் 5 வகுப்பு. ஆம்பூர்க் கல்லூரியில் இருந்து பாலாற்றுக்கு நடந்தே போய்விடலாம்.